ஒரு சொட்டும் ஒழுகாத தெரு

மனித நாகரிகத்தைத் தாங்கி நிற்பவை பைப் ஃபிட்டிங்குகளே. காரமடைப் பக்கமுள்ள எங்கள் ஊராட்சியைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். எல்போ, தண்ணீருக்குப் பணிவாக வளையக் கற்றுக்கொடுக்கிறது. ரெடியூசர், பெரிய குழாயில் வந்ததைச் சின்னக் குழாய்க்குக் குறைத்து அனுப்புகிறது. அலுவலகத்தில் இதற்கு 'நிதி ஒதுக்கீடு' என்று பெயர். மூன்று வாய் கொண்ட டீயோ சமத்துவவாதி. வந்த தண்ணீரை இருபுறமும் பிரித்துக் கொடுத்துவிடும்.

ஊர்க்கோடியில் அப்படியொரு டீ புதைந்திருக்கிறது. இடப்பக்கம் ஊராட்சித் தலைவர் தம்பிதுரையின் தென்னந்தோப்பு. வலப்பக்கம் எங்கள் காலனி.

அதைப் பொருத்தியது என் அப்பா, பிளம்பர் பிரான்சிஸ். ஒழுகுகிறதா என்று சோதிக்க, எங்கள் பக்கத்து வாயை எண்டு கேப் என்கிற மூடியால் அடைத்தார். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் குழாயை இணைக்க வேண்டும். சோறு கொண்டுபோன நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்னப்பா அவசரம்? தென்னைக்கு ஒரு கோடை போகட்டும்," என்றார் தலைவர்.

"காலனில ஊட்டுக்கு ஊடு குழா மாட்டியாச்சுங்க."

"மாட்டியாச்சல்லோ? அப்பறம் தண்ணி எதுக்கு? மண்ணத் தள்ளி மூடிப்போடு. அடுத்த வேலையும் உனக்குத்தான்."

அப்பா மூடினார்.

போன வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு லோகப்பிரியா மேடம் வந்தார். தோப்பிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்த எங்கள் காலனிப் பழனியாத்தாளை நிறுத்தினார்.

"குழாய் ஒழுகுதாம்மா?"

"இல்லீங்க."

"சுவத்துல ஈரம்?"

"ஏதுங்க ஈரம்? தண்ணியே…"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. படிவத்துல தண்ணிக்குக் கட்டம் இல்லை."

மாவட்டத்திலேயே ஒரு சொட்டும் வீணாக்காத தெரு என்று எங்களுக்கு விருது. நாளை விழா. பத்தாவது படிக்கிற நான்தான் நன்றியுரை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: காலனியில் இப்போது ஈரமாக இருப்பது என் உள்ளங்கை ஒன்றுதான்.

"கேப்பப் பத்திச் சொல்லிப்போடட்டுங்களாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா எழுந்து கதவைச் சாத்தினார். "நன்றி மட்டும் சொல்லீட்டு வா கண்ணு. சொன்னா நாளைக்கு எவனும் என்னைய வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

அப்பா பேச்சை நான் தட்டியதில்லை. நன்றி மட்டுமே எழுதியிருக்கிறேன்:

"எங்கள் தண்ணீரை ஒரு கோடைக்குத் தென்னைக்குக் கொடுத்த தலைவர் அவர்களுக்கு நன்றி. தண்ணீரைப் பற்றிக் கேட்காமலே கையெழுத்திட்ட மேடத்துக்கு நன்றி. கேப்பை இறுக்கி மண்ணைத் தள்ளிய என் தந்தைக்கு நன்றி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இன்றுவரை வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கும் நன்றி."