ஈடுபாட்டு மையத்துக்கு ஐந்து நட்சத்திரம்

தலைவர்கள் பிறக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த உலகத்தைத் திருத்தி, அவர்கள் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், லிப்டுக்கு எதிர் அறையில் தயாராகிறார்கள் என்று நிரூபித்த பெருமை எங்கள் 'மாணவர் ஈடுபாடு மற்றும் தலைமைத்துவ மைய'த்தையே சேரும். அதில் நான் உதவி அலுவலர். நாற்காலி போடுவது, மைக் சோதிப்பது, கைதட்ட ஆள் சேர்ப்பது என் பொறுப்பு.

எங்கள் இயக்குநர் தலைமைத்துவத்தைக் கரைத்துக் குடித்தவர். 'முன்னின்று நடத்து' என்ற அவருடைய பயிலரங்கில் மாணவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார்கள். மாலையில் சான்றிதழ். வராதவர்களுக்கும் உண்டு, முன்கூட்டியே அச்சடித்துவிடுகிறோம்.

அந்தப் பயிலரங்கு நடந்த ஒரு நாளில்தான் பெண்கள் விடுதியில் தண்ணீர் நாறியது. ஒரு வாரமாகவே நாறியது என்பது வேறு விஷயம். விடுதிக் காப்பாளர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார், மேலிடம் பரிசீலித்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படி அவரவர் வேலையை அவரவர் செவ்வனே செய்துகொண்டிருந்தபோது குறுக்கே புகுந்தாள், தாவரவியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

தோழிகள் அவளை 'மியூட்' என்று கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். எங்கள் பயிலரங்கு எதிலும் அவள் தலை தெரிந்ததில்லை. அப்படிப்பட்டவள் அன்று காலை ஒரு பேராசிரியரின் காரை மறித்து, நடக்க முடியாத பிள்ளைகளை அதில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினாள். பிறகு அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டினாள். மற்றவர்களை இருவர் இருவராக நிறுத்தி, கோஷம் எதுவுமில்லாமல், ஒரு பூச்செடியைக்கூட மிதிக்காமல், பயிலரங்கு நடந்த அரங்கத்தின் வாசலுக்கு அழைத்து வந்துவிட்டாள். முந்நூறு பேர். கைதட்ட முப்பது பேர் சேர்க்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

உள்ளே இயக்குநர், செவிசாய்ப்பதே தலைமையின் முதல் இலக்கணம் என்று பேசிக்கொண்டிருந்தார். வெளியே பிள்ளைகள் நிற்பதாகக் காதோரம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

அவர்கள் நகரவில்லை. பிற்பகலில், வேறு வழியில்லாமல், பராமரிப்புப் பிரிவு விடுதியின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தது. செத்த பூனை ஒன்று மேலிடத்தின் முடிவை எதிர்பார்த்து மிதந்துகொண்டிருந்தது.

பூனைமீது நடவடிக்கை எடுக்க விதிகளில் இடமில்லை. எனவே மறுநாள் அவள்மீது விசாரணை நடந்தது. குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன்.

“யாரைக் கேட்டு இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தே?” என்றார் இயக்குநர்.

“யாரும் கேக்கல சார். அதான் கூட்டிட்டு வந்தேன்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “உனக்குப் பின்னாடி யாரு இருக்கா? உண்மையச் சொல்லு.”

“முந்நூறு பேரு சார்.”

வாக்குமூலம் கிடைத்துவிட்டதால் விசாரணை அத்துடன் முடிந்தது. பயிற்சி பெறாமல் தலைமை தாங்கிய குற்றத்துக்கு ஓராண்டு இடைநீக்கம்.

உத்தரவைக் கொடுக்கப் போனபோது விடுதி வாசலில் பெட்டியோடு நின்றிருந்தாள். கூட்டிப்போக வந்திருந்த அவளுடைய அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “எங்க பக்கத்து ரூம் பொண்ணு இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா சார். யாராவது போய்ப் பாருங்க.”

பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. அன்று பிள்ளைகள் அரங்க வாசலில் வரிசையாக நின்றதை யாரோ எடுத்து, விசாரணையில் அவளுக்கு எதிராகச் சாட்சியமாக வைத்த புகைப்படத்தைப் பெரிதாக்கி, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தோம். கீழே 'எங்கள் ஈடுபாடு' என்று தங்க எழுத்து. குழுத்தலைவி அம்மையார் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். இவ்வளவு ஒழுங்கான மாணவர்களை எங்கேயும் பார்த்ததில்லை என்று வியந்தார்.

“முன்னாடி நிக்கிற பொண்ணு யாரு?”

“எங்க மாணவிதாங்க,” என்றார் இயக்குநர்.

“கூப்பிடுங்க, பாக்கணும்.”

“இப்போ இல்லீங்க. ஒரு வருஷத்துக்கு வெளிய அனுப்பியிருக்கோம்.”

“ரொம்ப நல்ல காரியம். உங்க செலவுலயா?”

“இல்லீங்க. அவ செலவுல.”

ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். நேர்மைக்கென்று தனி மதிப்பெண் இருந்திருந்தால் அதுவும் முழுதாகக் கிடைத்திருக்கும். இயக்குநர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.