சண்டைப் பதிவேடு

ஒரு கல்யாணம் நடந்தது என்பதற்கு நம் பக்கத்தில் யாரும் சாட்சி தேடி அலைவதில்லை. அறுநூறு பேர் சாப்பிட்டிருப்பார்கள். அவர்களில் முந்நூறு பேராவது ரசத்தைக் குறை சொல்லியிருப்பார்கள். இதற்கு மேல் ஓர் அரசாங்கத்துக்கு என்ன ஆதாரம் வேண்டும் என்பது மாரிராஜுக்கு விளங்கவில்லை.

ஆனால் கடிதம் தெளிவாக இருந்தது. 2003 செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணிக்குச் சென்னை அலுவலகத்துக்கு அவன் நேரில் வர வேண்டும். தன் திருமணம் 'மெய்யானது, தொடர்ந்து நிலவுவது, குடியேறும் நோக்கத்துக்காகச் செய்யப்படாதது' என்பதைத் தக்க சான்றுகளுடன் நிறுவ வேண்டும். கடிதம் அனுப்பிய நாட்டின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் விசாவுக்குக் கெடுதல் வந்துவிடும் என்று மாரிராஜ் பயந்தான். எனவே நாமும் 'அந்த நாடு' என்றே சொல்வோம்.

அவன் மனைவி சுகப்பிரியா அந்த நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தை மாதம் பதினோரு நாள் லீவில் வந்தாள், சங்கரன்கோவில் பக்கத்தில் கல்யாணம் நடந்தது, திரும்பிப் போய்விட்டாள். பதினோரு நாளில் எட்டு நாள் உறவினர் வீட்டு விருந்துகளில் கழிந்தது. எந்தச் சித்தி வீட்டில் என்ன கறி என்று மாரிராஜ் இன்றும் வரிசை மாறாமல் சொல்வான். மனைவி அவனிடம் சொன்னதில் ஒன்றுதான் மனதில் தங்கியிருந்தது. மீனம்பாக்கத்தில் உள்ளே போகும் முன்பு அவள் சொன்னாள்: "சீக்கிரம் வாங்க அத்தான். அங்க ஞாயித்துக்கிழமைப் பொழுது மட்டும் முடியவே முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்ச் சேருவதற்குத்தான் விசா.

மாரிராஜ் அவன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இருங்காட்டுக்கோட்டையில் காருக்குக் கதவுப் பூட்டு செய்யும் ஒரு கம்பெனியில், தரப் பிரிவில் வேலை. அளவுமானி என்ன காட்டுகிறதோ அதை அப்படியே எழுதிவிடுவான். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று இருமினாலும் எண்ணை மாற்ற மாட்டான். இதனால் அவனுக்கு நல்ல பெயர் இருந்தது. பதவி உயர்வு இல்லை.

மண்ணூரில் அவன் தங்கியிருந்த அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோமதிநாயகம் அண்ணாச்சி, வயது முப்பத்தெட்டு. இன்னொருவன் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் தளவாய். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனவே கல்யாணம் பற்றி இருவருக்கும் உறுதியான கருத்துகள் இருந்தன.

அண்ணாச்சிதான் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. தரச்சான்றிதழ் வாங்கிக் கொடுத்தவர். சான்றிதழுக்கு முன்பு அங்கே செய்த பத்துப் பூட்டில் இரண்டு பூட்டாது. சான்றிதழுக்குப் பிறகும் இரண்டு பூட்டாது. ஆனால் எந்த இரண்டு என்பது மூன்று நகல்களில் பதிவாகியிருக்கும். அந்த வருஷங்களில் வட்டாரம் முழுக்க இந்தக் காய்ச்சல்தான். மண்ணூர் டீக்கடையில்கூட 'எமது தரக் கொள்கை' என்று கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. டீ பழைய டீதான்.

கடிதத்தைப் படித்த அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது இண்டர்வியூ இல்லலே மாரி. ஆடிட்டு."

"கல்யாணம்லா அண்ணாச்சி."

"எதுவா இருந்தா என்ன? செய்யிறத எழுது, எழுதினதச் செய், செஞ்சதுக்கு ஆதாரம் காட்டு. கதவுப் பூட்டுக்கு ஒரு நியாயம், கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நியாயமா?"

அன்று மாலையே கூட்டு ரோட்டில் பிரவுசிங் சென்டரும் ஐ.எஸ்.டி. பூத்தும் வைத்திருந்த யாக்கோபு, இன்டர்நெட்டிலிருந்து நூற்று நாற்பது கேள்விகளை அச்செடுத்துக் கொடுத்தார்.

"இத்த மனப்பாடம் பண்ணிக்க தம்பி. இதுக்குள்ளதான் கேக்கறானுங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை அறையில் மாதிரி நேர்காணல் நடந்தது. அண்ணாச்சி பேண்ட் போட்டுக்கொண்டு அதிகாரியாக உட்கார்ந்தார். தளவாய்க்குப் பொறுப்பு எதுவும் இல்லை. இருந்தும் வந்து உட்கார்ந்தான்.

"உமது மனைவி கட்டிலின் எந்தப் பக்கம் படுப்பார்?"

"கட்டில்ல எங்க தாத்தா படுத்திருந்தாரு அண்ணாச்சி. எங்களுக்குப் பாய்தான்."

"பாயின் எந்தப் பக்கம்?"

"அவ உள்ள பொம்பளையாளுகளோட. நான் மாடியில மாமாமாரோட."

"பதினோரு நாளுமா?"

மாரிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, "எட்டு நாள்" என்றான்.

"மிச்சம் மூணு நாள் எந்தப் பக்கம்?" என்று கேட்டது தளவாய்.

"கரண்டு இல்ல."

அண்ணாச்சி எழுதிக்கொண்டார்: தகவல் கிடைக்கவில்லை, காரணம் மின்தடை.

"முதன்முதலில் காதலைத் தெரிவித்தவர் யார்?"

"அவ பெரியப்பா."

"யாரிடம்?"

"எங்க மாமாகிட்ட. ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுல வச்சு."

"மனைவிக்குப் பிடித்த நிறம்?"

"கேக்கல."

பிறகு கல்யாண ஆல்பம் ஆய்வு செய்யப்பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒரு படத்தில்கூட மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் ரேஷன் கார்டுக்கு நிக்க மாதிரில்லா நிக்கீய" என்றான் தளவாய். முடிவில் மாரிராஜின் திருமணத்தில் பத்தொன்பது குறைபாடுகள் கண்டறியப்பட்டன. அதைத் திருமணம் என்று கருத முகாந்திரம் இல்லை என்பது குழுவின் ஒருமித்த முடிவு.

"பயப்படாத. மூணு கலர் பேனா எடு. பிப்ரவரியிலேருந்து லெட்டர் எழுதிருவோம்" என்றார் அண்ணாச்சி.

"பொய்த் தேதி போட மாட்டேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி கோபப்படவில்லை. "சரி, போட வேண்டாம். இனிமே உள்ளது எல்லாத்தையும் நெசமாவே செஞ்சிருவோம். செஞ்சிட்டா பொய் இல்லல்லா?"

இதில் குற்றம் சொல்ல மாரிராஜுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படித்தான் உண்மை ஒரு திட்ட அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டது. திங்களும் வியாழனும் மனைவிக்குக் கடிதம், நகல் கோப்பில். சனிக்கிழமை காலை போன். அவளுக்குப் பிடித்த நிறத்தை அவன் கேட்டான். "யூனிஃபார்ம் கலர் தவிர எதுன்னாலும் சரி" என்றாள். அதுவும் தேதி, கையெழுத்துடன் பதிவானது. கடிதங்கள் வரத் தொடங்கியதில் சுகப்பிரியாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொன்றையும் டூட்டி பையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னாள். அந்தச் சந்தோஷமும் பதிவானது.

ஆகஸ்டு நடுவில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. கேள்வி எண் தொண்ணூற்றேழு: 'கடைசியாக உங்களுக்குள் நடந்த சண்டை எதைப் பற்றி?'

"நடக்கலையே" என்றான் மாரிராஜ்.

யாக்கோபு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏழு மாசமா ஒண்ணுகூடவா இல்ல? எங்கூட்டுல கண்ணாலத்தன்னிக்கே ரெண்டு ஆச்சு. சண்டை இல்லாத கண்ணாலத்த எவன்பா நம்புவான்? நானே நம்ப மாட்டேன்."

அண்ணாச்சி உடனே ஒரு புது நோட்டில் கோடு போட்டார். வரிசை எண், நாள், காரணம், தொடங்கியவர், மூல காரணம், திருத்த நடவடிக்கை, முடிவுற்ற நாள், கையொப்பம். மேலே சண்டைப் பதிவேடு என்று எழுதி, வெளியீடு ஒன்று, திருத்தம் பூஜ்யம் என்றும் போட்டார்.

"பொய்ச் சண்டை போட மாட்டேன்" என்று மாரிராஜ் முன்கூட்டியே சொன்னான்.

"யாரு பொய்ச் சண்டை போடச் சொன்னா? மனசுல உண்மையா ஒரு குறை இருக்கும்லா, அதச் சொல்லு."

மாரிராஜ் இரண்டு நாள் யோசித்தான். மனைவியிடம் குறை எதுவும் அகப்படவில்லை. மூன்றாம் நாள், மாமியார் வீட்டு விருந்தில் தனக்கு இரண்டாம் முறை கறி வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. குழு அதை ஏற்றுக்கொண்டது. அதை ஐந்து குறிப்புகளாக விரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது.

ஆகஸ்டு பதினாறு, சனிக்கிழமை காலை. சுகப்பிரியா அப்போதுதான் நைட் டூட்டி முடிந்து வந்திருந்தாள்.

"சுகப்பிரியா, விருந்துல உங்க அம்மா எனக்கு ரெண்டாந்தரம் கறி வைக்கல."

அவள் சிரித்தாள். "அதுக்கு இப்பவா? சரி, அடுத்த தடவ சட்டியோட முன்னால வைக்கச் சொல்லுதேன்."

இந்த இடத்தில் அவள் கோபப்படுவாள் என்று தாளில் இருந்தது. மாரிராஜ் இரண்டாம் குறிப்புக்குப் போனான். "நான் ஒரு மனக்குறையைத் தெரிவிக்கும்போது நீ அதை இலேசாக எடுத்துக்கொள்வது…"

"அத்தான், எதையும் பாத்து வாசிக்கீங்களா?"

"ஆமா."

"யாரு எழுதினது?"

"அண்ணாச்சி. தளவாய் ரெண்டு வரி சொன்னான். இந்த இடத்துல நீ கோவப்படுவேன்னு போட்டிருக்கு."

"பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கேன். வாரத்துக்குப் பத்து நிமிசம் பேசுதோம். அதுல நான் எப்ப கோவப்படணும்னு உங்க ரூம்ல கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்களோ? அன்னைக்குக் கலர் கேட்டீங்களே, அது?"

"அது கேள்வி நாப்பத்தி ரெண்டு."

"லெட்டரு?"

"லெட்டர் நானே எழுதினேன், சத்தியமா. திங்கள், வியாழன்."

"அது என்ன திங்கள், வியாழன்?"

"அட்டவணை."

போன் வைக்கப்பட்டது.

குழு மாரிராஜின் கையைக் குலுக்கியது. இவ்வளவு சுத்தமான சண்டையை யாரும் எதிர்பார்க்கவில்லை. விவரங்கள் பதிவேட்டில் ஏறின. 'முடிவுற்ற நாள்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை சுகப்பிரியா போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் எடுக்கவில்லை. மாரிராஜ் ஒரு செவ்வாய்க்கிழமை, அட்டவணையை மீறி உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதினான். குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணாச்சி அதன் மூலையில் 'திருத்த நடவடிக்கை: 1' என்று எண் போட்டிருந்தார். அதை அனுப்ப மாரிராஜுக்கு மனம் வரவில்லை. வேறு எழுதினாலும் எண் விழும் என்று தோன்றியது.

செப்டம்பர் ஆறாம் தேதி சனிக்கிழமையும் மணி அடித்து ஓய்ந்தது. விசா கிடைத்துப் போய் இறங்கினால் கதவைத் திறப்பாளா என்பது நூற்று நாற்பது கேள்விகளில் இல்லை.

செவ்வாய்க்கிழமை, இருநூற்றுப் பதினான்கு பக்கக் கோப்புடன் அவன் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றான். உள்ளே அந்த நாட்டின் அதிகாரி, நடுவயதுப் பெண்மணி. பக்கத்தில் சஃபாரி உடையில் நம் ஊர் மொழிபெயர்ப்பாளர்.

"கோப்பில் உள்ளவை யாவும் உண்மைதானா என அம்மையார் வினவுகிறார்."

"ஆமா சார்."

அம்மையார் பக்கங்களைப் புரட்டினார்.

"திங்கள், வியாழன் ஆகிய இரு தினங்களில் மட்டும் தங்களுக்கு அன்பு தோன்றுவதன் காரணத்தை அம்மையார் அறிய விரும்புகிறார்."

"மத்த நாள் ஓவர்டைம் சார்."

பதிவேட்டுக்கு வந்ததும் விரல் நின்றது.

"முடிவுற்ற நாள் ஏன் வெற்றிடமாக உள்ளது?"

"முடியல சார். பேசி இருபத்து நாலு நாளாச்சு."

"காரணம்?"

மாரிராஜ் கோப்பைப் பார்த்தான். அதற்குப் பதில் அதில் எங்கும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான். "தப்பு என்மேல சார். அவகிட்டப் பேச வேண்டிய நேரத்துல உங்ககிட்டப் பேசுறதுக்குத் தயார் பண்ணிக்கிட்டு இருந்தேன். அவ சிரிச்சுக்கிட்டுதான் இருந்தா. நான்தான் பேப்பரப் பாத்து வாசிச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். அம்மையார் கோப்பை மூடி, முத்திரை குத்தினார்.

"போலித் தம்பதியர் நேர்காணலுக்கு முன்பு மனஸ்தாபம் கொள்வதில்லை என்பது அம்மையாரின் அனுபவம். தங்கள் திருமணம் மெய்யானது. ஒரு நிபந்தனை. இறுதி முடிவு அங்கே விமான நிலைய அதிகாரியுடையது. அதற்குள் தாங்கள் தெரிவித்த நிலைமையில் மாற்றம் எதுவும் ஏற்படின், எழுத்து மூலம் அறிவிக்கத் தாங்கள் கடமைப்பட்டவர்."

செய்தி மண்ணூரைத் தாண்டிப் பரவ இரண்டு நாள் பிடித்தது. அண்ணாச்சி பதிவேட்டின் இரண்டாம் வெளியீட்டைக் கொண்டுவந்தார். அதில் 'மனஸ்தாபம் இருபத்து நான்கு நாட்களுக்குக் குறையாமல் இருத்தல் நலம்' என்று புதிதாக ஒரு விதி சேர்ந்திருந்தது. விசாவுக்குக் காத்திருந்த நாலு கணவர்கள் மனைவியரிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அவர்களில் நயினார் என்ற குன்றத்தூர்க்காரர், மனைவியோடு ஒரே வீட்டில் இருப்பவர். இருவருக்கும் சேர்த்தே விண்ணப்பித்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் பேச்சை விட்டார்.

"ராசியாயிராத" என்று அண்ணாச்சி மாரிராஜை எச்சரித்தார். "ஆடிட் முடிஞ்ச பொறவு ரிக்கார்டத் திருத்தினா அம்புட்டும் போச்சு. டிக்கெட் அக்டோபர் இருபதுக்குத்தான்."

சனிக்கிழமை காலை யாக்கோபு பூத்துக்கு வெளியே அந்த நாலு கணவர்களும் நிற்க, மாரிராஜ் எண்களை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கிடைச்சிட்டா?"

"கிடைச்சிட்டு."

அவள் மூச்சு விட்டது கேட்டது. "என்னத்தக் காட்டினீங்க?"

"நீ பேசாததச் சொன்னேன். அதான் ஆதாரம்னு குடுத்துட்டாங்க."

சுகப்பிரியா சிரித்தாள். நான்கு வாரமாக அவன் கேட்காத சிரிப்பு. "விடுங்க அத்தான். எனக்கும் கோவமெல்லாம் எப்பவோ…"

"ஒரு நிமிசம். அதச் சொல்லாத." மாரிராஜ் அவளை நிறுத்தினான். பொய் சொல்ல அவனுக்கு வராது. அவள் சொல்லி முடித்தால் எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும். நிபந்தனையை முழுவதும் அவளுக்கு விளக்கினான். பிறகு கேட்டான்: "அக்டோபர் இருபது வரைக்கும் மட்டும் கொஞ்சம் கோவமா இருக்க முடியுமா?"

"முடியும்" என்றாள் சுகப்பிரியா. "அதுக்கு மேலயும் முடியும்."

போன் வைக்கப்பட்டது. கதவைத் திறந்து மாரிராஜ் வெளியே வந்தான்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் யாக்கோபு.

"ஒத்துக்கிட்டா."

நாலு கணவர்களும் நிம்மதியாகத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.