முன்னோருக்கு நான் சொன்ன நான்கு ரோடுகள்

அடாபென்சோ,
அக்டோபர் மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை.

அக்ராவில் ரோடு இலாகாவில் மேசையும் மின்விசிறியும் உள்ள பொறியாளரும், என் கூடப்பிறந்தவளின் ஒரே மகனும், எனக்குப் பிறகு என் கோலுக்கு உரியவனுமாகிய மருமகன் யாவ் அம்போஃபோவுக்கு, மாமன் குவாபெனா டார்கோ ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் மாமி நலம், அவள் முழங்கால் தவிர. ஊர் நலம், ரோடு தவிர. உன் நலம் அறிய நேற்று மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் “மீட்டிங்கில இருக்கேன் மாமா” என்றாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை நான் என் பதவிக் கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் ஊர்த் தலைவரின் வாயாக இருந்தவன் இன்று வெறும் டார்கோ. மூத்திரம் பெய்யப் போனால்கூட எழுந்து வழிவிட்ட பயல்கள் எல்லாம் இப்போது உட்கார்ந்தபடியே “என்ன பெருசு” என்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தேன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். எனக்குக் கிறுக்கு என்பது ஒன்று. எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்பது இன்னொன்று. உன் மாமியோ இரண்டும் ஒன்றுதானே என்கிறாள்.

நீ ஊரைவிட்டுப் போய் ரொம்ப வருடமாகிவிட்டது, முறையெல்லாம் மறந்திருப்பாய், அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தலைவர் சபையில் யாரிடமும் நேராகப் பேசக் கூடாது. என் காதில் சொல்வார், நான் சபைக்குச் சொல்வேன். அப்படியே சொன்னால் அது என்ன வாய்? மெருகு போட்டுச் சொல்ல வேண்டும். அவர் “பசிக்குது” என்றால், “தலைவரின் திருவயிறு ஊர்ச் சோற்றை நினைந்து உருகுகிறது” என்பேன். உயிரோடு இருப்பவர்களிடம் பேசுவது பாதி வேலை. மீதிப் பாதி, செத்துப்போன பெரியவர்களிடம் பேசுவது. ஊரில் நல்ல காரியம் எது தொடங்கினாலும் ஷ்னாப்ஸ் சாராயப் பாட்டிலைத் திறந்து, மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன காரியம் நடக்கப் போகிறது, கூட நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வாயால்தான், ஊருக்குத் தார் ரோடு வருகிறது என்று அவர்களிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தின மாதம் ஓர் அமைச்சர் வருவார். பந்தல் வரும், பிளாஸ்டிக் நாற்காலி வரும், பேண்டு வாத்தியம் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்று கொடி ஆட்டுவார்கள், அமைச்சர் இரண்டு மணிக்கு வருவார், பொன் வண்ணம் அடித்து ரிப்பன் கட்டிய மண்வெட்டியால் ஒரு குழி வெட்டுவார், இருபத்தேழு கிலோமீட்டர் தார் ரோடு ஆஸ்பத்திரி ஊர்வரை பதினெட்டு மாதத்தில் என்பார், கோழி சாப்பிடுவார், மண்வெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போவார். குழியை விட்டுவிட்டுப் போவார். அடுத்த முறை வருபவர் வேறு கட்சி. அந்தக் கட்சி வெட்டிய குழியை இந்தக் கட்சி தொடாது, அதனால் கொஞ்சம் தள்ளி புதுக் குழி. முதல் குழி ஊர் எல்லையில், இரண்டாவது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், மூன்றாவது மரப்பாலத்துக்குக் கிட்ட, நாலாவது பாலத்துக்கு அப்பால். பதினாறு வருடத்தில் இரண்டு கட்சியும் ஆளுக்கு இரண்டு குழி, பாரபட்சம் இல்லை. நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாலு குழியையும் ஒட்டிவைத்தால் எட்டு முழ ரோடு வேலை முடிந்திருக்கிறது.

குழிகளால் ஊருக்கு நன்மையே இல்லை என்று சொன்னால் அது நன்றிகெட்டதனம். டிரோட்ரோ வேன் கண்டக்டர் இப்போதெல்லாம் “ரெண்டாங்குழி இறங்கு, மூணாங்குழி இறங்கு” என்றுதான் கூவுகிறான். முதல் குழியில் மழைத் தண்ணீர் தேங்கி வாத்துகள் குடியேறி மூன்றாம் தலைமுறை ஓடுகிறது. இரண்டாவது அமைச்சரின் பெயர்ப் பலகை தலைமை ஆசிரியர் வீட்டுக் கோழிக் கூண்டுக்குக் கூரை, கோழிகள் படுத்துக்கொண்டே அமைச்சர் பெயரைப் படிக்கலாம். அந்தத் தலைமை ஆசிரியர் வீட்டில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்ததால் மான்சா என்று பெயர் வைக்கப்பட்ட ஒருத்தி உண்டே, அவள் மூன்றாம் குழிக்கு எதிரே கென்கே கடை போட்டு, சோள மாவு உருண்டையும் மிளகாயும் விற்று, மகளை நர்சுக்குப் படிக்க வைத்துவிட்டாள். ரோடு வந்துவிட்டால் வண்டிகள் நிற்காமல் போய்விடுமே என்று அவளுக்கு இப்போது கவலை. அரசாங்கம் அவளைக் கைவிடாது என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன்.

சிரிப்பு இதோடு போதும். இந்த நாலு தடவையும் பெரியவர்களிடம் பேசியது அமைச்சர் இல்லை, நான். முதல் முறை ஊற்றியபோது மனசாரச் சொன்னேன், என் அப்பாவைக் கூப்பிட்டு, “அப்பா, ரோடு வருது, கூட இருங்க” என்றேன், கண் கலங்கிவிட்டது. இரண்டாம் முறை, போன தடவை சொன்ன அதே ரோடுதான், கொஞ்சம் தாமதம் என்றேன். மூன்றாம் முறை வேகமாகச் சொல்லி முடித்தேன். விழா முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது உன் அம்மா கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். அவள் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

“அண்ணே, இந்தத் தடவையும் அப்பாகிட்ட பொய் சொல்லிட்டு வந்துட்டியா?”

நான் என்ன செய்வேன் அஃபுவா, அமைச்சர் சொன்னதைத்தானே சொன்னேன் என்றேன்.

“அமைச்சர் நாளைக்கு அக்ராவுக்குப் போயிடுவாரு. நீ எங்க போவே? அப்பாகிட்டதானே போவே? அவரு கேப்பாரு பாரு, ரோடு எங்கடான்னு.”

சொல்லிவிட்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போது அறுபத்தெட்டு. இப்போது எழுபத்தாறு. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவள் போன நாளை நீ பார்க்கவில்லை, வேறு மாவட்டத்தில் ரோடு அளந்துகொண்டிருந்தாய், உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ரத்தக் கொதிப்பு ஏறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, டாக்ஸியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், மரப்பாலத்துக்கு இந்தப் பக்கமே சேற்றில் சக்கரம் புதைந்தது. டிரைவரும் நானும் மான்சாவும் இன்னும் மூன்று பேரும் தள்ளினோம். பின் சீட்டிலிருந்து குழறலாக, மூணாங்குழி தாண்டியாச்சா அண்ணே என்று கேட்டாள். தாண்டவில்லை. தாண்டியாச்சு என்றேன். அவள் உயிரோடு இருந்தபோது நான் அவளிடம் சொன்ன கடைசிப் பொய் அது. இரண்டு வருடம் கழித்து நாலாவது குழியில் இன்னொன்று சொன்னேன். புதிதாய்ப் போனவர்களைக் கடைசியாகக் கூப்பிடுவது வழக்கம். அவள் பெயரைக் கூப்பிட்டதும் பாட்டிலை நிமிர்த்த மறந்துவிட்டேன், முழுவதும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. தாராள மனசு, நல்ல சகுனம் என்று அமைச்சர் கைதட்டினார். ரோடு வருது அஃபுவா என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, உன் மாமி பல் காரணம் என்கிறாள், பல் இல்லை.

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை, ஐந்தாவது குழிக்கு நாள் குறித்தாயிற்று என்று தலைவர் சபையைக் கூட்டியபோது, நான் ஊற்ற மாட்டேன் என்றேன். உயிரோடு இருப்பவர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்கிறேன், அவர்கள் ஓட்டுப் போட்டுப் பழிவாங்கிக்கொள்வார்கள். செத்தவர்களுக்கு ஓட்டு இல்லை, சில தொகுதிகளில் இருப்பதாகக் கேள்வி, நம் ஊரில் இல்லை, எனவே அவர்களை ஏமாற்றுவது பாவம் என்றேன். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஹாம்பர்க்கில் இருபது வருடம் பஸ் ஓட்டியவர், கோபம் வந்தால் ஹாரன் அடிப்பதுபோல மூக்கால் ஒரு சத்தம் போடுவார். ஆனால் முறைப்படி நேராக என்னைத் திட்ட முடியாதே, என் காதில் குனிந்து, “இவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, கழுதை மாதிரி நிக்கிறான் பாரு” என்றார். வழக்கத்தை விட முடியுமா? நான் எழுந்து கோலை ஊன்றிச் சொன்னேன்: “பெரியோர்களே, தலைவர் திருவாய் மலர்ந்தது என்னவென்றால், இதோ உங்கள் முன் நிற்கும் டார்கோ என்னும் கிழவனின் அறிவு கயிறு அறுத்துக்கொண்டு போய்விட்டது, இன்னும் இரண்டு கால் மட்டும் இருந்தால் இவனைச் சந்தையில் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம்.” சபை சிரித்துக் குலுங்கியது. பிறகு என் பதிலையும் நானே தலைவருக்குப் பணிவாக எடுத்துச் சொன்னேன், அதற்கு அவர் திட்டியதை மறுபடி சபைக்குச் சொன்னேன். ஒரு மணி நேரம் இப்படி என்னை நானே திட்டியதில் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் தலைவர் என் காதில், ஒரு ஆடு, ஒரு பாட்டில் அபராதம் என்றார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? “இரண்டு ஆடுகள், கொழுத்தவை, கறுப்புப் புள்ளி இல்லாதவை, இரண்டு பாட்டில், வெளிநாட்டுச் சரக்கு” என்று அறிவித்துவிட்டேன். தலைவரே திகைத்துப்போய் என் காதில், “நான் ஒண்ணுதானேய்யா சொன்னேன்” என்றார். அதையும் சபைக்குச் சொல்லவா என்று கேட்டேன். “வேணாம் விடு, ரெண்டுதான் கேக்க நல்லாருக்கு” என்றார். கோலை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். ஆடுகளுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

ஆகையால் யாவ், மாமன் சொல்வதைக் கேள். நம் முறையில் மாமன் கோல் மருமகனுக்குத்தான். உன்னைக் கூப்பிட்டுக் கொடுக்க வருவார்கள், வாங்காதே. இந்த ரோடு பற்றிய காகிதம் உன் மேசைக்கு வந்தால், தார் வரட்டும், இல்லாவிட்டால் குழி வேண்டாம் என்று சிவப்பு மையால் எழுது. ரோட்டை மட்டம் போடும் கிரேடர் வண்டி வரும்வரை நீயும் ஊருக்கு வராதே. நான் இனி செத்தாலும் அந்தப் பாட்டிலைத் தொட மாட்டேன். உன் மாமி உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். மான்சா விசாரித்தாள். வாத்துகளும் சௌக்கியம். பெரியவர்கள் உன்னைக் காக்கட்டும், அவர்கள் இன்னும் என் பேச்சைக் கேட்பார்கள் என்றால்.

உன் மாமன்,
குவாபெனா டார்கோ
(முன்னாள் வாய்)

பின்குறிப்பு: இதை மடித்து வேன் டிரைவரிடம் கொடுக்கப் போகும்போது விழா அழைப்பிதழ் வந்தது. அமைச்சருக்கு அன்று வேறு ஊரில் வேறு குழியாம். அவருக்குப் பதிலாக இங்கே மண் வெட்டப் போவது இலாகாவின் சார்பில் பொறியாளர் யாவ் அம்போஃபோ என்று போட்டிருக்கிறது. மூன்று முறை படித்தேன். நேற்று அது என்ன மீட்டிங் என்று இப்போது புரிந்தது.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இரண்டு ஆட்டுக்கும் ஒத்துக்கொண்டு கோலைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். வெட்டுவது நீ, ஊற்றுவது நான். இந்த முறை மெருகு கிடையாது, என் வார்த்தையும் கிடையாது, வந்தவர் என் காதில் சொல்வதை மட்டும் சொல்வேன். அப்பாவைக் கூப்பிடுவேன், மற்றவர்களைக் கூப்பிடுவேன், கடைசியாக அஃபுவாவைக் கூப்பிட்டுவிட்டு உன் பக்கம் காதைச் சாய்ப்பேன். ரோடு எப்போது வரும் என்று சொல், அப்படியே அவளிடம் சொல்லிவிடுகிறேன். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நில். நானும் பாட்டிலைச் சாய்க்காமல் பக்கத்தில் நிற்கிறேன்.