முக்கால் பாஸ்வேர்டு

"இனிமே இந்தக் கம்ப்யூட்டருக்கு நானே காவல்!" என்று மேஜையைக் குத்தினார் பழைய கதவுக்கடைக்காரர். மேஜையும் ஒரு பழைய கதவுதான், நாலு கால் முளைத்த கதவு. அது ஆடி அடங்கியது.

காரணம் இருந்தது. பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் எவனோ அனுப்பிய மெயிலைத் திறந்தார். அவன் அவருடைய கம்ப்யூட்டரையே பூட்டிவிட்டான். பாவம், மனிதர் இப்போது வீடு வீடாகப் போய், அளந்த ஜன்னலையே மறுபடி அளந்துகொண்டிருக்கிறார். கதவுக்கடைக் கம்ப்யூட்டரிலும் இருநூறு வாசல்களின் அளவு கிடக்கிறது. அது போனால் கடை போச்சு.

மனைவி பதறவில்லை. இடிக்கிற வீடுகளில் வாங்கிய கதவுகளைச் சுமந்த காலத்தில் ஒரு முனை அவர் தலையில், மறுமுனை அவள் தலையில். அப்படி வளர்ந்த கடை.

"காவல்னா மேஜையக் குத்துறது இல்லீங்க. பாஸ்வேர்ட நீளமா மாத்துங்க. அளவையெல்லாம் தனி டிஸ்க்ல காப்பி எடுத்துக் கழட்டி வையுங்க. எவன் கேட்டாலும் பாஸ்வேர்டச் சொல்லாதீங்க."

"அடியே, நான் தெருவுல அடிபட்டுப் படிச்சவன். என்னை ஏமாத்துறவன் இனிமேதான் பொறந்து வரணும்."

"சரிங்க."

அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்ன எதுவும் அவர் சொன்னபடி நடந்ததில்லை.

மூன்றாம் நாள் ஒரு மெயில். மாளிகை ஒன்றை இடிக்கிறார்களாம். நாற்பது தேக்குக் கதவு, பாதி விலை! பதிவு செய்ய, கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு வேண்டுமாம்.

வேறு யாராக இருந்தாலும் ஒன்று கொடுத்திருப்பார்கள், இல்லை ஓடியிருப்பார்கள். இவர் பேரம் பேசினார்!

'எட்டு எண்ணையும் கேட்டா எப்படி? நாலு தர்றேன்' என்று எழுதினார்.

'நாலு கட்டுப்படியாகாது ஐயா.'

'அஞ்சு.'

'ஏழாச்சும் கொடுங்க.'

'ஆறு! அதுக்கு மேல ஒண்ணு பெயராது. நாற்பதுக்கும் தாழ்ப்பாள் சேத்துத் தரணும்.'

'தாழ்ப்பாளுமா? அப்போ உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும். அத கொசுறாக் கொடுங்க.'

கொசுறு! ஆகா, நம் இனத்து ஆள்! வந்த நம்பரை அப்படியே அனுப்பினார்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?"

"ஒருத்தன முக்கால் பாஸ்வேர்டுலயே மடக்கிட்டேன்டி!"

"அடேயப்பா!"

பத்து நிமிடம் கழித்துக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை அடித்தார். 'பாஸ்வேர்டு தவறு.' மறுபடி அடித்தார். தவறு. மூன்றாம் முறையும் தவறு. நாளை காலை பதினாலு வாசலுக்குக் கதவு அறுத்துக் கொடுத்தாக வேண்டும். அளவெல்லாம் உள்ளே!

"டேய், யார்றா நீ? வெளிய வாடா!" என்று திரையை உலுக்கினார். திரை என்ன செய்யும்? அப்படியே கதவு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சுடி. பதினாலு வாசலும் போச்சு. ரெண்டு எண்ண நான் சொல்லவே இல்லியே!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பொறந்த தேதி, மாசம், அப்புறம் ஒரு பத்தொன்பது. ஆறு ஆச்சா? மிச்சம் ரெண்ட உங்க நரையப் பாத்தே போட்டுடலாம்."

"எந்த ஆறக் கொடுத்தேன்னு உனக்கெப்படித் தெரியும்?"

அவள் தன் போனை நீட்டினாள். நாற்பது தேக்குக் கதவும், அவர் பேசிய பேரமும் அதற்குள் இருந்தன.

அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கத்த வாயைத் திறந்தார். வாசலில் கண்ணாடிக்கடைக்காரர் அளவு டேப்பும் கையுமாக வெயிலில் போய்க்கொண்டிருந்தார், சட்டையெல்லாம் நனைந்து. திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"இந்தாங்க, பதினாலு அளவும். நீங்க மேஜையக் குத்துன அன்னிக்கே காப்பி எடுத்தாச்சு" என்று அவள் தாளை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். "நல்லவேளை, திருடுனது நீ. வேற எவனாவது இருந்திருந்தா நாளைக்கு நானும் டேப்பும் கையுமா..." தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மகராசி, நீ நல்லா இருக்கணும்."

வாழ்க்கையில் பேரம் பேசாமல் அவர் கொடுத்தது அந்த ஒன்றுதான். கூடவே காவல் உத்தியோகத்தையும் அவளிடமே ஒப்படைத்தார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் இரண்டு படங்கள். அவள் படத்துக்குக் கீழே 'நிர்வாகி'. அவர் படத்துக்குக் கீழே 'விருந்தாளி'.

"ஏன்டி, என் கடையில நான் விருந்தாளியா?"

"ஆமாங்க. எல்லாத்தையும் பாக்கலாம். எதையும் தொட முடியாது."