மாப்பிள்ளை அனுப்பிய உப்பு

மார்க்கையன்கோட்டை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விஜய்பாண்டி அவர்களுக்கு, மாமனார் மொக்கைச்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை சுப்புத்தாயும் நலமாக இருக்கிறோம். சென்ற வாரம் அப்படி இல்லை. சென்னையில் தாங்களும் என் மகள் பாண்டீஸ்வரியும் நலமாக இருக்கக் குலசாமி துணை நிற்கும்.

பிரஷர்காரர்களுக்கென்று தாங்கள் அன்போடு அனுப்பிய உப்பு பற்றியே இக்கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையிடம் இதை வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த உப்பும் கூடவே தாங்கள் அனுப்பிய சத்து மாத்திரை டப்பாவும் வந்த அன்றைக்கே உங்கள் அத்தை வீட்டுக் கல்லுப்பைத் தூக்கி மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டாள். மாப்பிள்ளை வாங்கிக் குடுத்ததை மூலையில் போட்டால் மகளுக்கு அங்கே மதிப்பு இருக்காது என்பது அவள் கட்சி. நீங்க எப்ப வந்து நின்னாலும் பாக்கெட் பிரிச்சிருக்கணும், பாதியாவது காலியாயிருக்கணும். அதுல கரிப்பு கம்மி, அதனால ரெண்டு பங்கு போட்டா. குழம்புல போட்டா, மோருல போட்டா, லேசாக் கசந்துச்சு, கசந்தாத்தான மருந்துன்னு நானும் குடிச்சேன். அதுக்கு மேல காலையில செவ்வாழை, சாயங்காலம் எளநி. நம்ம தோட்டத்துல விளையிறதை நாமளே திங்கலேன்னா எப்பிடி. பிரஷர் மாத்திரையும் ஒருநா தவறாம முழுங்கினேன்.

போன வெள்ளிக்கிழமை வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வரப்புல ஏறுறேன், காலு என் காலா இல்லை. நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது. பக்கத்துத் தோட்டத்து ஷானவாஸ்தான் பாத்துட்டு ஆட்டோவுல அள்ளிப் போட்டுச் சின்னமனூருக்குக் கொண்டுபோனாரு. அங்கன நெஞ்சுல வயரை ஒட்டிப் பாத்த கையோட தேனிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாக. சேதி கேட்டு ஓடியாந்து கூட ஏறின உங்க அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசலை. அவ பேசாம இருந்து நான் பாத்ததே கிடையாது. மாப்பிள்ளை, அப்பத்தான் நெசமாவே பயந்துபோனேன்.

ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போச்சாம். ஊசி போட்டு எறக்கினாக. வீட்டுல திங்கிறது அம்புட்டையும் கொண்டுவரச் சொன்னாக, உங்க அத்தை மஞ்சப்பையில அள்ளிட்டு வந்தா. டாக்டரம்மா உப்புப் பாக்கெட்டைத் திருப்பி, பொட்டாசியம் குளோரைடுன்னு படிச்சாக. அது வாழைக்கு வைக்கிற பொட்டாஷ் மூடையில போட்டிருக்கிற பேருதானேன்னு நான் படுத்துக்கிட்டே கேட்டேன். அதேதான்னாக. நான் போடுற பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தை ஒடம்பை விட்டு லேசுல வெளிய விடாதாம். அதோட இந்த உப்பும் பழமும் எளநியும் சேந்தா நெஞ்சே நின்னுபோகும்னு சொன்னாக. அப்புறம் உங்க அத்தை பக்கம் திரும்பி, "யாரும்மா இதை வாங்கிக் குடுத்தது?"ன்னு கேட்டாக.

"நானாத்தான் கடையில வாங்கினேன்"னு சொல்லிட்டா. கொஞ்சங்கூட யோசிக்கலை. வார்டே கேக்கிற மாதிரி வசவு வாங்கினா, மாப்பிள்ளை பேரை எடுக்கலை.

இப்ப வேற மாத்திரை எழுதிக் குடுத்திருக்காக. சத்து மாத்திரையைக்கூடக் கேட்டுட்டுத்தான் போடணுமாம். தோட்டம் பூராம் வாழையை வெச்சுக்கிட்டு எனக்குப் பழம் கூடாது. ஆகவே அந்த உப்பை இனிமேல் தயவுசெய்து அனுப்ப வேண்டாம் என்று மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதைத் தப்பா எடுத்து என் மக மேல கோவிச்சுக்கிறப்பிடாது.

தாங்கள் இருவரும் நோய்நொடியின்றி, மாத்திரை என்ற பேச்சே இன்றி வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகையில் கூரியர்காரர் வந்தார். மறுபடியும் அதே உப்பு. பார்சல் மேல விலாசம் பாண்டீஸ்வரி கையெழுத்து. பாத்ததும் தூக்கிப்போட மனசு வரலை. அதுவும் பொட்டாஷ்தானேன்னு மோட்டார் ரூம் பக்கத்துல நிக்கிற செவ்வாழைக்குத் தூர்ல கொஞ்சம் வெச்சுட்டேன். ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிட்டு உப்பை வழக்கம்போல் அனுப்பவும். விலாசத்தை மட்டும் மகளையே எழுதச் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கன வந்து நாளாச்சு. அந்தச் செவ்வாழைத் தார் பழுக்கையில வந்துருங்க, நான் திங்க முடியாது, யாராச்சும் திங்கணும்.