பந்தய வண்டிக்கு ஒரேயொரு சாமான் குறைகிறது

அச்சுவேலி,
14.06.1993

அன்புள்ள தம்பி தியாகராசாவுக்கு,

அத்தான் சண்முகநாதன் எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் நானும் உம்முடைய அக்கா செல்வநாயகியும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் அவ்வப்போது எங்களோடு சேராமல் தனியாக இருக்கிறது. மொன்றியலில் இப்போது பனி கரைந்திருக்கும் என்றும், நீரும் மனைவி பிள்ளைகளும் வெயிலைக் கண்டிருப்பீர்கள் என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

மார்கழியில் நீர் எழுதிய கடிதம் மாசியில் கிடைத்தது. அதன் கடைசி வரியில், "கொட்டிலுக்குள்ளை கிடக்கிற என்ரை மோட்டச்சைக்கிளைப் பழைய இரும்புக்குக் குடுத்துவிடுங்கோ அத்தான், நான் இனி உங்கை வந்து ஓடப்போறேல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர். நான் வழக்கம்போல அக்காவுக்கு உரத்து வாசித்துக்கொண்டு போனேன். வாசித்து முடித்த பிறகுதான் அந்த வரியை விட்டிருக்கலாம் என்று விளங்கியது. அவள் புட்டை இறக்கி வைத்துவிட்டு, மாட்டுக் கொட்டிலுக்குப் போய், வண்டியின் பெற்றோல் தாங்கியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் போனேன். "இரும்புக்குக் குடுக்கிறதெண்டால் என்னையும் சேத்துக் குடுங்கோ" என்றாள். அன்று முழுவதும் வேறு கதை இல்லை.

எனக்கும் அந்த வண்டிக்கும் ஆகாது என்பது உமக்குத் தெரியும். மலைநாட்டுச் சேற்றுப் பந்தயத்தில் மேடு பள்ளம் பாய்வதற்கென்று வாங்கி, ரெயிலில் ஏற்றிவந்து இறக்கிய நாளிலிருந்தே ஆகாது. விளக்கு இல்லை, ஹோன் இல்லை, பின்னால் ஒருவர் இருக்க இடமில்லை, ரயரில் பலாப்பழத் தோல் மாதிரி முள். அது உம்முடைய தோள்மூட்டை இறக்கிய காலத்தில் மருந்துப் பத்துப் போட்டவள் அக்காதான். என்றாலும் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளருக்கு வாய் சும்மா இருக்காதே. "இஞ்சேரும், இதை நான் ஓடவைச்சுக் காட்டுறன். ஓடுற வண்டி எண்டால் அவன் கட்டாயம் வருவான்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

சண்டைக்காலத் தடையால் இங்கே வாகனச் சாமான் வருவதில்லை; வந்தாலும் உம்முடைய வண்டிக்கு வராது. அதைச் செய்த நாடே வருடப் பிறப்போடு இரண்டாகப் பிரிந்துவிட்டதாம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டபோது சொன்னார்கள், இனி எந்தப் பாதிக்கு எழுதிக் கேட்பது? ஆகவே பிஸ்ரன் வளையத்துக்குக் குருநகர் கனிசியஸிடம் போனேன், முன்பு உம்மோடு பந்தயம் பார்க்க வந்து தொண்டை கிழியக் கத்துவாரே, அந்த வள்ளக்காரக் கனிசியஸ்தான். அவர் வள்ளத்து மெசின் வளையம் ஒன்றை எடுத்து, "அராவினால் பொருந்தும் அண்ணை" என்றார். பொருந்தவில்லை. இன்னும் அராவினார், பொருந்தியது. பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "வண்டி ஓடேக்கை என்னை ஒருக்கால் பின்னுக்கு ஏத்தினால் காணும்" என்றார். அதனால்தான் இப்போது பின்னால் மிளகாய்ச் சாக்கு ஒன்றை மடித்துக் கட்டியிருக்கிறேன். கிளச்சுக்கு என் சைக்கிளின் பிறேக்குக் கம்பி போய்விட்டது. இப்போது சைக்கிளை நான் காலால் நிறுத்துகிறேன், அதுதான் முழங்காலின் கதை.

காபரேற்றருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சீவரத்தினம் தன் இறைப்பு மெசினின் காபரேற்றரைக் கழற்றித் தந்தார், ஆனால் வெங்காயத்துக்கு இறைக்கிற நாளில் அது அவரிடம் திரும்பிவிட வேண்டும். வெங்காயம் குடிக்கிற நாளில் வண்டி பட்டினி, வண்டி குடிக்கிற நாளில் வெங்காயம் வாட்டம். ஒருநாள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டு, அவர் வேலிக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்று, பரம்பரைக் காணி வழக்கு மாதிரிக் கதைத்தோம். அக்கா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்துதான் சமாதானம் ஆனது.

பெற்றோல் ஒரு மருந்துப் போத்தல் அளவு கிடைத்தது. இங்கே எல்லோரும் செய்வதுபோல, இரண்டு சொட்டுப் பெற்றோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவதுதான் எண்ணம். யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று அதைச் சாமியறையில் கோயில் தீர்த்தப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். தடிமனில் மூக்கடைத்துக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை, கும்பிட்டு முடித்து, உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தடவி, மிச்சத்தை விழுங்கிய பிறகுதான் தொண்டை விசயத்தைச் சொன்னது. அதற்கு முன்பே அக்கா, "நல்ல நேரம் முடியப் போகுது" என்று மற்றப் போத்தலை எடுத்துப்போய்க் காபரேற்றருக்குள் விட்டிருக்கிறாள். அன்று வண்டி ஒரு தரமும் இருமவில்லை, நான்தான் இருமினேன். இருட்டும்வரை என்னை அடுப்படிப் பக்கம் விடவில்லை.

பிறகு ஒருவாறு எல்லாம் பூட்டி, சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து உதைத்தோம். அந்தச் சத்தத்தில் சீவரத்தினத்தின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சத்தம் என்றால் பெரிய சத்தம் இல்லை, ஓர் இருமல்தான். அது பயந்த மாடு.

இப்போது குறை ஒன்றே ஒன்று. மக்னெற்றுக்குள் இருந்து பொறியை விட்டுவிட்டுக் கொடுக்கிற சின்னத் துண்டு, பொயின்ற் என்கிறார்கள், அதற்குப் பிறகு அதைக் காணவில்லை. அது இல்லாமல் உதைத்தும் பயனில்லை, கும்பிட்டும் பயனில்லை. மொன்றியலில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். தபாலில் போட வேண்டாம், தொலைந்துவிடும். வருகிறவர்களிடம் கொடுத்துவிடவும் வேண்டாம், அவர்களுக்கு அதன் அருமை தெரியாது. அதைப் பூட்டி இடைவெளி பிடிக்கத் தியாகராசா ஒருவருக்குத்தான் தெரியும் என்று கனிசியஸும் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டதன் பேரில். ஆகவே சண்டை ஓய்ந்து பாதை திறக்கிற காலம் பார்த்து, அவசரமில்லை, நீரே கொண்டுவந்து உம்முடைய கையால் பூட்டிவிட்டுப் போவதுதான் நல்லது. ஒரு கிழமை நின்றாலும் போதும். உம்மைப் பார்க்க வேண்டும் என்று அக்கா ஒருநாளும் வாய் திறந்து சொல்ல மாட்டாள். எனக்கு அது பெரிய கவலையாக இருக்கிறது தம்பி, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை கொடிகாமம் சந்தையில் நல்ல பலாப்பழம் வாங்கினோம். பஸ்ஸில் போய்த்தான். உம்முடைய பங்கு என்று அக்கா நாலு சுளை எடுத்து மூடி வைத்தாள். அடுத்த நாள் எறும்பு சாப்பிட்டது.

உமக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். அடுத்த பனிக்காலத்திலும் கந்தசுவாமியார் உங்கள் எல்லோரையும் வழுக்கி விழாமல் நடத்துவாராக.

இப்படிக்கு,
பந்தயம் ஓடாத அத்தான்,
சண்முகநாதன்

பி.கு.: தம்பி, இது அக்கா. அத்தான் கடித உறைக்குப் பசை காய்ச்சப் போயிட்டார், அந்த நேரத்துக்குள்ளை எழுதிறன். மோட்டச்சைக்கிள் நல்லா ஓடுது. கொடிகாமத்துக்குப் போனது அதிலைதான். நான் மிளகாய்ச் சாக்கிலை இருந்து மூடின கண்ணை வழியிலை சாவகச்சேரியிலைதான் திறந்தனான். திரும்பி வரேக்கை பலாப்பழம் என்ரை மடியிலை. அத்தான் எழுதின அந்தச் சின்னத் துண்டு தொலையேல்லை, சந்தையாலை வந்த பிறகு அவர்தான் கழட்டி ஒளிச்சிருக்கிறார். நேற்று உலைக்கு அரிசி எடுக்கேக்கை பானைக்குள்ளை, சீலைத் துண்டிலை சுத்தினபடி கையிலை தட்டுப்பட்டது. அவரிட்டை நான் ஒண்டும் கேக்கேல்லை. திருப்பி உள்ளுக்குப் போட்டு அரிசியாலை மூடிவிட்டன். நீ சாமான் ஒண்டும் தேடி அலையாதை. வெறுங்கையோடை வா.