சுவருக்குள் ஓடும் தபால்

“அம்மா மறுபடியும் நின்னுட்டாங்கப்பா,” என்றாள் மகள் போனில்.

முன்னறையில் மோடத்துக்குக் காவல் உட்கார்ந்திருந்த போஸ்ட்மாஸ்டருக்குச் சுருக்கென்றது. “எப்படி நின்னா?”

“வீடியோ கால்ல, பாதிச் சிரிப்புல. படம் அப்படியே உறைஞ்சு, அப்புறம் மொத்தமா போயிடுச்சு. புதுப் பெட்டி வாங்கினா சரியாயிடும்னு சொன்னீங்களே.”

“ஆயிடும்மா. அதுக்கு இன்னும் நம்ம வீடு பழகலை.”

புதுப் பெட்டி என்பது ஒன்றல்ல, ஜோடி. அந்தப் பழைய வீட்டின் சுவர்கள் கோட்டைச் சுவர்கள். வைஃபை நடுக்கூடத்தைத் தாண்டிப் பின்னறைக்கு வந்ததே இல்லை. ஒரு பெட்டியை மோடத்தோடு இணைத்து முன்னறை பிளக்கில் செருக வேண்டும், மற்றதைப் பின்னறை பிளக்கில். நடுவே சுவருக்குள் ஓடும் கரண்ட் ஒயர் வழியாகவே இன்டர்நெட் போய், அந்தப் பக்கம் வைஃபையாக வெளியே வரும். கடைக்காரர் இதை விளக்கியதும் போஸ்ட்மாஸ்டருக்குப் பிடித்துப்போயிற்று. “ரயில் ஓடுற தடத்துலயே தபாலும் போன மாதிரிதானே?” என்று கேட்டார். கடைக்காரர் தலையாட்டிவிட்டு பில் போட்டார்.

ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் தெருவுக்கு அவர் போஸ்ட்மாஸ்டர்தான். தன் கையில் வந்த கடிதம் ஒன்றுகூட வழியில் தொலைந்ததில்லை என்பது அவருடைய கர்வம். அது உண்மையா என்று யாரும் சரிபார்த்ததில்லை.

பின்னறையில் மனைவி படுத்திருந்தாள். “இனிமே வலி இல்லாமப் பார்த்துக்கறதுதான்” என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். வெகுதூரத்தில் இருந்த மகளுக்கு அது தெரியாது. அவளுக்கு இது நிறைமாதம். இதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்ததால் பயணமே கூடாது என்று உத்தரவு. “முதுகெலும்புத் தேய்மானம்னு சொல்லுங்க, குழந்தை பிறக்கட்டும்” என்று மனைவி சொல்லிவிட்டாள். பிறக்கும்வரை இவள் இருப்பாளா என்று போஸ்ட்மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. நோயை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தாயும் மகளும் முகம் பார்த்துத் தடங்கல் இல்லாமல் பேச ஒரு வழி செய்து கொடுக்கலாம், அவ்வளவுதான். அதுவும் நடக்காவிட்டால் தான் எதற்கு இருக்கிறோம் என்று தோன்றியது.

அவர் பின்னறைக்கு விரைந்தார். கட்டிலை ஒட்டிய பிளக்கில் பெட்டி ஒன்றும் அறியாததுபோல் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் மனைவிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப வந்துடுச்சு பாரு. கூப்பிடட்டுமா?”

“வேண்டாங்க, போதும்,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல். “ஊரார் கடுதாசியை எல்லாம் ஊர் ஊரா கொண்டு சேர்த்தீங்க. இப்ப சொந்த வீட்டுல முன்னறையிலேர்ந்து பின்னறைக்கு வர மாட்டேங்குது.”

கேலிதான். ஆனால் அவருக்கு அது தைத்தது.

கடைக்காரரைக் கேட்டார். “மோட்டார் ஓடுற சாமான் எதுவும் அந்த நேரத்துல ஓடக் கூடாது சார். ஒயர்ல இரைச்சல் ஏறிடும்.”

மறுநாள் மகள் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே ஃபிரிட்ஜை அணைத்தார். அப்படியும் லைன் பாதியில் அறுந்தது. அறுந்த கவலையில் ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்தார். பால் திரிந்தது. அதைவிட மோசம், மனைவி ஆசையாக வாயில் வைத்துக்கொள்ளும் ஐஸ் கட்டி எல்லாம் கரைந்துவிட்டது. நர்ஸ் ஐஸ் தட்டை அவர் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

“விடும்மா, தண்ணியாவே குடிச்சுக்கறேன்,” என்றாள் மனைவி.

அடுத்து அவருடைய சந்தேகம் மின்விசிறி மேல் விழுந்தது. அதிலும் மோட்டார் இருக்கிறதே. விசிறி நின்றது. மனைவிக்கு வேர்த்து ஊற்றியது.

“ஏம்மா உங்களுக்கு இப்படி வேர்க்குது?” என்று மகள் கேட்பது முன்னறைவரை கேட்டது.

“உங்கப்பா விஞ்ஞானம் பண்றார்.”

“முகமெல்லாம் வத்திப்போன மாதிரி இருக்கே. கேமராகிட்ட வாங்க பார்க்கலாம்.”

அந்த இடத்தில் லைன் போயிற்று. அன்றைக்கு மட்டும் போஸ்ட்மாஸ்டர், அது போனதும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தார். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டார்.

வீட்டுக்குள் அணைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. மாடியில் குடியிருப்பவரிடம் ட்ரெட்மில் இருந்தது. மாடிக்கும் அதே கரண்ட் லைன்தான்.

“நான் நடக்கலைன்னா சர்க்கரை ஏறிடும் சார்,” என்றார் மாடிக்காரர்.

“தெருவுல நடக்கலாமே.”

“நாய் துரத்துது.”

ஆகவே மகள் கூப்பிடும் நேரத்தில், ஒரு கையில் கம்பும் மறு கையில் போனுமாக, மாடிக்காரருக்குத் துணையாகப் போஸ்ட்மாஸ்டர் தெருவில் நடக்க வேண்டியதாயிற்று. நாய்கள் மாடிக்காரரை விட்டுவிட்டுக் கம்பு வைத்திருந்தவரைத் துரத்தின. தெருக்கோடியில், மூச்சு வாங்க, மகளின் அழைப்பை எடுத்தார்.

“அப்பா, அம்மா மறுபடியும் நின்னுட்டாங்க. நீங்க ஏன் ஓடறீங்க?”

“சும்மாம்மா. உடம்புக்கு நல்லது.”

“அப்பா, என்கிட்ட எதையாவது மறைக்கறீங்களா?”

“லைன்தாம்மா கோளாறு,” என்றார். அவர் குரல் உடைந்ததை நாய்கள் குரைத்து மூடிவிட்டன.

அன்றே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அவர் முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஒயர் நல்லாத்தான் சார் இருக்கு. கட்டில்கிட்ட இருக்கற இந்தப் பிளக்தான் தளர்ந்திருக்கணும். கதவுக்கு மேல புதுசா ஒண்ணு போட்டு, சுவிட்சே இல்லாம நேரா லைன்ல கொடுத்துடறேன். அப்புறம் அணையவே அணையாது.”

போஸ்ட்மாஸ்டருக்கு வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. “கேட்டியா? நாளையிலேர்ந்து நீ போதும்னு சொல்ற வரைக்கும் அவகிட்ட பேசலாம்.”

மனைவி சிரிக்கவில்லை. “இங்கேயே இருந்துட்டுப் போகட்டுமேங்க.”

“நீ பேசாம இரு. இது ஒண்ணையாவது நான் சரியா செஞ்சு முடிக்கறேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் மெனக்கெட்டு வந்திருக்கிறார், ஏதாவது குடிக்கக் கொடுப்போம் என்று போஸ்ட்மாஸ்டர் சமையலறைக்குப் போனார். மனசு லேசாக இருந்தது. பின்னறையில் ஏணியை விரித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. நர்ஸ் அவர் பின்னாலேயே வந்து, கதவைப் பாதி சாத்தினாள்.

“சார், அவரை ஏணியை விட்டு இறங்கச் சொல்லுங்க.”

“ஏம்மா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “பெட்டியை அவ்வளவு உயரத்துல வச்சுட்டா, வலி வரும்போது பொண்ணு பார்த்துடக் கூடாதுன்னு அணைக்கறதுக்கு அம்மாவுக்குக் கை எட்டாது சார்.”